துண்டும் தலைக்காசும்: மலைநாட்டுப் பெரிய கங்காணியின் ஏற்றமும் இறக்கமும்

மலையகத் தோட்டங்களிற் ‘கங்காணி’ என்னும் சொல் இன்றும் வழக்கொழியவில்லை. கொழுந்து மலையிலே நிரைபிடித்து நிற்கும் பெண்களின் பின்னே நின்று வேலையைப் பார்ப்பவரை இன்றும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். ஆயினும் தோட்டத்து முதியோர் ‘பெரிய கங்காணி’ என்று சொல்லும்போது அவர்தம் குரலில் ஏறும் அச்சமும் மதிப்பும் இந்த மேற்பார்வையாளரைப் பற்றியன அல்ல. தலைப்பாகையும் கோட்டும் காதிற் கடுக்கனும் கையிற் பூணிட்ட பிரம்புமாகப் பழைய புகைப்படங்களில் நிமிர்ந்து நிற்கும் வேறொருவரைப் பற்றியன அவை. எம் பாட்டன்மாரை ஊரிலிருந்து அழைத்து வந்தவர் அவர். லயத்திற் குடிவைத்தவரும், பிரட்டுக் களத்தில் நிறுத்தியவரும், கடனாளியாக்கியவரும் அவரே.

அவரைப் பற்றி மலையகத்தில் இரண்டு தீர்ப்புகள் வழங்குகின்றன. ஆசைவார்த்தை கூறி ஏமாற்றிக் கொணர்ந்தவர் என்பது ஒன்று. அந்நிய நாட்டில் மொழியறியாத் துரைக்கும் நமக்குமிடையே நின்று காத்தவர் என்பது மற்றொன்று. மனிதருள் நல்லோரும் தீயோரும் உண்டு என்று கூறி இவ்விரண்டையும் சமன்செய்துவிடுவது எளிது. வரலாற்று மாணவருக்கு அது போதாது. அவர் தொழில் எவ்வாறு நடந்தது, வருவாய் எங்கிருந்து வந்தது, எந்தத் தாளின்மீது அவர் அதிகாரம் நின்றது என்பவற்றை நோக்கினாலன்றி இத்தீர்ப்புகளின் பொருள் விளங்காது.

கண்காணி என்பதே கங்காணியாயிற்று. சோழர் காலக் கோயிற் சாசனங்களிற் காரியங்களை மேற்பார்க்கும் ‘கண்காணி’ இடம்பெறுதல் கல்வெட்டு பயின்றோர் அறிந்ததே. ஆயின் தோட்டக் கங்காணி பார்ப்பவர் மட்டுமல்லர், ஆள் கட்டுபவருமாவார். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டுவதும், திரட்டிய ஆட்களை வேலைக்களத்தில் நடத்துவதும் ஆகிய இரு பணிகளும் அவரிடம் ஒன்றாயிருந்தன. இவ்விணைப்பிலேயே அவருடைய வலிமை அனைத்தும் அடங்கியிருந்தது.

இத்தகைய இணைப்பு வேறு துறைகளிலும் காணப்படுவதொன்றே. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்து அணிகளிற் துணைப் பயிற்றுநர் என்றொரு பதவி உண்டு. பெயரளவில் அவர் தலைமைப் பயிற்றுநரின் உதவியாளர். ஆயின் அவர் காலத்திற் பெரும்பகுதி சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சென்று இளைஞரைத் தேர்ந்தெடுப்பதிலும், அவர்தம் வீடுகளில் அமர்ந்து பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுவதிலும் கழியும். அழைத்து வந்த இளைஞரை ஆடுகளத்திற் பழக்குபவரும் அவரே. கறுப்பினத்தவரான ஜோர்ஜ் ராவெலிங் 1960இல் வில்லனோவாப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றுப் பின்னர் அங்கேயே துணைப் பயிற்றுநராக இருந்து ஆள் சேர்ப்பதிற் பெயர் பெற்றார். 1969இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகம் அவரைத் துணைப் பயிற்றுநராக்கியது. அப்பல்கலைக்கழகம் சேர்ந்திருந்த போட்டிக் கூட்டமைப்பில் அதுவரை எந்த அணியும் கறுப்பினப் பயிற்றுநர் ஒருவரை அமர்த்தியதில்லை. 1972இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநராக உயர்ந்தார். இளைஞரின் குடும்பத்திற்குப் பணம் கொடுத்து அவரை ஈர்ப்பதை அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு விதிகள் நெடுங்காலம் தடுத்திருந்தன. ஆகவே துணைப் பயிற்றுநரின் முதலீடு அவர்தம் சொல் ஒன்றே. கங்காணியும் சொல்லைக் கொண்டே தொழிலைத் தொடங்கினார். ஆயின் அவர் மடியிற் பணமும் இருந்தது. அப்பணத்தின் வரலாறே அவருடைய வரலாறு எனலாம்.

மத்திய மலைநாட்டிற் பெருந்தோட்டக் கோப்பிப் பயிர்ச்செய்கை 1820களிற் தொடங்கிற்று. சொந்த நிலமும் வயலும் உடைய கண்டிச் சிங்கள உழவர் தோட்டத்தில் நிலையான கூலிகளாக அமைய விரும்பவில்லை. கோப்பிப் பழம் ஆய்வதற்கோ ஆண்டிற் சில மாதங்களே பெருந்தொகையான ஆட்கள் வேண்டியிருந்தனர். துரைக்குத் தமிழ் தெரியாது; தமிழகக் கிராமமும் தெரியாது. எனவே முன்னமே வந்து வேலை பழகிய ஒருவரைப் பார்த்து, ‘நீ போய் உன் ஊராரை அழைத்து வா’ என்று பணம் கொடுத்தனுப்புவதே அவருக்கு இயன்ற வழியாயிற்று. தொடக்க காலத்திற் கங்காணி அக்குழுவில் ஒருவராகவே வந்தார். ஊர் மூத்தவர், உறவினர், வழியறிந்தவர் என்னும் தகுதிகளே அவரைத் தலைவராக்கின. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து இக்குழுக்கள் புறப்பட்டன. பாக்குநீரிணையைக் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தன. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலரைக் கொண்டன. பிணங்களைப் புதைக்கவும் நேரமின்றி மற்றவர் நடந்தமையை அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. அவ்வழியில் யார் நலிந்தார், யாரைத் தூக்கிச் செல்வது, யாரை விட்டுச் செல்வது என்னும் முடிவுகளைக் கங்காணியே செய்தார்.

1869இற் கோப்பி இலைநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த இரு பத்தாண்டுகளிற் கோப்பி அழிந்து, லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகப் பயிராக நட்ட தேயிலை மலைகளை மூடிற்று. இருப்புப்பாதையும் 1884இல் ஹட்டனை எட்டியது. டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகள் இன்று நாம் காணும் உருவைப் பெற்ற காலம் இதுவே. ஆண்டு முழுதும் கொழுந்து தரும் செடி தேயிலை. அதற்குப் பருவத்தில் வந்து போகும் ஆண்கள் போதாது. குடும்பமாக வந்து நிலையாகத் தங்கும் தொழிலாளர், குறிப்பாகப் பெண்கள், வேண்டியிருந்தனர். 1876 தொடக்கம் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் முதலிய கொடுமைகள் குடும்பங்களை ஊரைவிட்டுக் கிளப்பின. பயிர் மாறியதோடு கங்காணியும் மாறினார். சிறுகுழுவின் தலைவர் நூற்றுக்கணக்கானோரைத் தம் பெயரில் வைத்திருக்கும் பெரிய கங்காணியானார். அவருக்குக் கீழே, பெரும்பாலும் தத்தம் உறவினர் சிலரைக் கொண்ட சில்லறைக் கங்காணிமார் அமைந்தனர்.

பெரிய கங்காணியின் வருவாய் பலவழிப்பட்டது. அவற்றுள் தலைக்காசு முதன்மையானது. தம் பெயரிலுள்ள ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினரோ அத்தனை தலைக்கும் இவ்வளவு சதம் என்று தோட்டம் அவருக்குக் கொடுத்தது. தம் கையாற் கொழுந்தெடுக்காமலே, பிறர் எடுக்கும் ஒவ்வொரு நாளிலும் அவருக்குப் பங்கிருந்தது. ஆகவே ஒருத்தி காய்ச்சலிற் படுத்தாலோ ஒருவன் ஊருக்குப் போனாலோ துரைக்கு முன் நட்டப்படுபவர் கங்காணியே. விடியற்காலையிற் தப்பொலி கேட்டும் எழாதவரின் லயக் கதவை அவர் பிரம்பு தட்டியமைக்கு அவர்தம் குணம் மட்டும் காரணமன்று. தலைக்காசுக் கணக்கும் காரணம். நோயாளியை மருந்துக்கு அனுப்புமாறு துரையிடம் மன்றாடியவரும் சிலவேளை அவரே. அதற்கும் அதே கணக்குக் காரணமாயிருத்தல் கூடும். இரக்கத்தையும் இலாபத்தையும் இங்கே பிரித்தறிவது எளிதன்று.

தலைக்காசைவிட ஆழமானது முற்பணம். ஆள் கட்டப் புறப்படும் கங்காணிக்குத் தோட்டம் ஒரு தொகையைக் கடனாகக் கொடுத்தது. அதைக்கொண்டு அவர் ஊரிற் குடும்பத்தின் பழைய கடனைத் தீர்த்தார், வழிச்செலவைப் பார்த்தார், கம்பளி வாங்கினார். திரும்பி வந்தபின் ஒவ்வொருவர் பெயரிலும் அவரவர் பற்று எழுதப்பட்டது. தோட்டத்திற்குக் கடன்பட்டவர் கங்காணி. கங்காணிக்குக் கடன்பட்டவர் தொழிலாளர். உண்மையிற் செலவான தொகை எவ்வளவு, அவர் பெயரிலேறிய தொகை எவ்வளவு என்று கேட்கும் எழுத்தறிவு பெரும்பாலோரிடம் இருக்கவில்லை. கல்யாணம், சாவு, பிள்ளைப்பேறு, திருவிழா எதுவாயினும் கங்காணியிடமே கைநீட்ட வேண்டியிருந்தது. தோட்டம் கொடுத்த அரிசியின் விலை சம்பளத்திற் கழிந்தது. எஞ்சியதைக் கொண்டு கடன் தீர்ந்த குடும்பங்கள் அரிது.

இக்கடனுக்கு உருவம் கொடுத்த தாளே ‘துண்டு’. தமிழ்ச்சொல் ஆங்கிலத் துரைமாரின் அலுவலகக் கடிதங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் அப்படியே புகுந்து நின்ற அரிய நிகழ்ச்சிகளுள் இஃதொன்று. கங்காணியும் அவர் ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு நீங்க விரும்பினால், இன்ன தொகையைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்பேன் என்று அத்தோட்டத்துத் துரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு ஆள் தேவைப்படும் வேறொரு தோட்டத்திற்குப் போவார். புதிய துரை பழைய துரைக்குக் கடனைக் கட்டி ஆட்களைப் பெறுவார். கடன் அழிவதில்லை, கைமாறுகிறது. மாறுந்தோறும் கங்காணி புதிய முற்பணம் கேட்பார், அதுவும் பற்றிலேறும். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர்த் தோட்டங்கள் பெருகி ஆட்பஞ்சம் ஏற்பட்டபோது துண்டின் தொகைகள் வீங்கின. துரைமார் தமக்குள்ளே ஒருவர் ஆளை ஒருவர் இழுப்பதாகக் குறைகூறிக்கொண்டனர். அவர்கள் குறைகூறியது கங்காணியின் பேராசையைப் பற்றியே. போட்டிபோட்டுத் தொகையை உயர்த்தியவர் தாமே என்பதை அவர்கள் எழுதிவைத்த பக்கங்களிற் காண்பது குறைவு.

இதில் நோக்கற்பாலதொரு முரண்பாடு உண்டு. மொரீசியஸ், பீஜி, நெட்டால் ஆகிய நாடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் பெரும்பாலும் ஐந்தாண்டுக்குக் கையொப்பமிட்டுக் கட்டுண்டனர். இலங்கைக்கு வந்தோர் அவ்வாறல்லர். சட்டப்படி அவர்கள் மாதக் கூலிகள். ஒருமாத முன்னறிவித்தலுடன் விலகும் உரிமையுடையோர். ‘இலங்கைத் தமிழ்க் கூலி சுதந்திரமானவன்’ என்று தோட்ட முதலாளிகள் பெருமை பேச இதுவே ஆதாரம். ஐந்தாண்டு ஒப்பந்தத்திற்கோ ஒரு முடிவு நாள் இருந்தது. துண்டுக்கு அது இல்லை. மலாயாவிலும் கங்காணி முறை இருந்தது. ஆயின் அங்கே 1907இல் தோட்டங்களிடம் வரி அறவிட்டுப் பொது நிதியொன்று அமைக்கப்பட்டது. வருவோரின் பயணச் செலவை அந்நிதி ஏற்றது. இலங்கையில் அத்தகைய ஏற்பாடு வர 1923 வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி, கங்காணி எவ்வளவு உயர்ந்தும் எங்கே நின்றார் என்பதைப் பார்த்தல் வேண்டும். தோட்ட மொழியில் உதவி நிர்வாகிக்குச் ‘சின்னத்துரை’ என்று பெயர். இங்கிலாந்திலிருந்தோ ஸ்கொத்லாந்திலிருந்தோ வந்த இளைஞர் ஒருவர் சின்னத்துரையாக அமர்ந்து, தமிழ் கொஞ்சம் பழகி, சில ஆண்டுகளிற் பெரிய துரையாவார். அவருக்கு மண்ணையும் ஆளையும் அறிமுகப்படுத்திய கங்காணி முப்பது ஆண்டு உழைத்தபின்னும் கங்காணியே. துரையின் பங்களா முற்றத்திற் தலைப்பாகையோடு நிற்கலாம்; உள்ளே நாற்காலியில் அமர இயலாது. ராவெலிங் போன்ற துணைப் பயிற்றுநருக்கு நிறத்தால் தாமதமாகவேனும் திறந்த கதவு இவருக்கு அடைத்தே இருந்தது. எனவே அவர்தம் செல்வம் பக்கவாட்டில் ஓடிற்று. ஊரில் நிலம் வாங்கினர், கோயிற் திருப்பணி செய்தனர், தோட்டத்தருகே கடை வைத்தனர், வட்டிக்குக் கொடுத்தனர். மிகச் சிலர் தோட்டத்தையே வாங்கினர். பிற்காலத்திற் பெருந்தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தையார் கருப்பையா, முனைப்புதூரிலிருந்து தொழிலாளியாக வந்து, கங்காணியாகி, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்திற்கு உரிமையாளரானமை பலரும் அறிந்தது. துரையாக முடியாதவர் துரையின் நிலத்தை வாங்கினார்.

சாதியையும் இங்கே மறைத்தலாகாது. பெரிய கங்காணிமாருட் பெரும்பாலோர் வேளாளர், கள்ளர், அகமுடையார் முதலிய சாதியினர். அவர்கீழ் வந்தோரிற் பெருந்தொகையினர் பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் இருந்த மேல்கீழ் லய வரிசைகளில் மீண்டும் வரையப்பட்டது. மாரியம்மன் கோயிலில் முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு. புருடன் மனைவி சண்டை, பங்காளி வழக்கு, பெண் எடுப்பது கொடுப்பது யாவும் அவர் திண்ணையிற் தீர்ந்தன. எம் முதியோர் அவரைக் காவலராக நினைவுகூர்வது இத்திண்ணையைக் கொண்டே. கடல்கடந்து வந்தும் காமன்கூத்தும் திருவிழாவும் உறவுமுறையும் சிதையாமல் நின்றதற்கு, குழுவைக் குழுவாகவே வைத்திருந்த கங்காணிக்குப் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது. குழு சிதைந்தால் கடனும் சிதையும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

இறக்கம் மெதுவாகத் தொடங்கியது. 1904இற் தோட்ட முதலாளிகள் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவினர். கங்காணியின் செலவுக் கணக்கைத் தம் கண்ணுக்குள் கொணர்வதே அவர்தம் நோக்கம். தகரத்தில் எண் பொறித்த அடையாளத்தைக் கழுத்திலிட்டு ஆட்களை அனுப்பும் முறையும் அக்காலத்திற் பரவிற்று. அதனைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் நேரே எழுதப்படும். 1914இல் தலைமன்னார் இருப்புப்பாதையும் படகுப் போக்குவரத்தும் இணைந்தபின், மண்டபம் முகாமில் தங்கிப் பரிசோதிக்கப்பட்டு வருவோருக்கு வழிகாட்டி என்றொருவர் தேவையற்றவரானார். 1921இற் சட்டம் துண்டை ஒழித்தது; தொழிலாளர் விலகினால் சிறையிடும் தண்டனையும் அத்துடன் நீங்கிற்று. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டத்தின் விளைவாக 1923 முதல் உரிமம் பெற்ற கங்காணியே ஆள் கட்டலாம் என்றாயிற்று. இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்தார். வந்த செலவைத் தொழிலாளரின் பற்றில் எழுதும் வழக்கம் நின்றது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32 என்று கூலி வரையறுக்கப்பட்டது. பெண்ணின் விரலால் நின்ற தொழிலிற் பெண்ணுக்குக் குறைவு விதிக்கப்பட்டமை தனியே ஆராயத்தக்கது.

சட்டங்கள் தாளை அழித்தன. அச்சத்தை அழிக்க ஆள் வேண்டியிருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடைவை வணிகர் போலத் தோட்டங்களுக்குட் புகுந்து தொழிலாளர் நிலையை அறிந்தார் என்பர். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரும் துணைவியார் மீனாட்சியம்மையும் துண்டுப் பிரசுரங்களாலும் பாட்டுகளாலும் கங்காணி, துரை இருவரையும் பொதுவெளியிற் கேள்விக்குள்ளாக்கினர். 1936இல் ஹட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு பயிற்சியில்லாத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. ஆள் கட்டும் தொழில் அத்துடன் முடிந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திற் பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். தொழிலாளர் தம் குறையைக் கங்காணியின் திண்ணைக்குக் கொண்டுசெல்லும் காலம் போய், சங்கத்தின் பெயரால் துரையிடம் நேரே கேட்கும் காலம் வந்துவிட்டதை அச்சாவு உணர்த்திற்று.

ஆயினும் கங்காணிமார் வரலாற்றிலிருந்து வெறுமனே அகன்றுவிடவில்லை. 1939இல் உருவான இலங்கை இந்தியர் காங்கிரசின் தோட்டக் கிளைகளில் ‘தலைவர்’ என்றொரு பதவி எழுந்தது. ஆட்களின் பெயரும் உறவும் பிணக்கும் அறிந்தவர், துரைமுன் நின்று பேசவல்லவர், சந்தாவுக்குக் கைநீட்டினால் மறுக்கப்படாதவர் ஆகியோரே அதற்குத் தகுதி பெற்றனர். கங்காணிக்கு வேண்டியிருந்த திறமைகள் இவையே. பல தோட்டங்களிற் கங்காணியின் எதிரிகள் தலைவராயினர்; சிலவற்றிற் கங்காணிமாரின் மக்களே தலைவராயினர். கங்காணியின் மகனான தொண்டமான் 1947இல் நுவரெலியாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானமை இம்மாற்றத்தின் பெரிய எடுத்துக்காட்டு. ஆள் சேர்க்கும் கலை நிலைத்தது. அதன் கணக்கில் முற்பணத்தின் இடத்தைச் சந்தா பிடித்தது. முன்னதைக் கொடுத்தவர் கங்காணி; பின்னதைக் கொடுத்தவர் தொழிலாளர். இவ்வேறுபாடு சிறிதன்று என்பது என் கருத்து.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்தாரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், உரிமை வேண்டுவோர் இந்நாட்டிற் தொடர்ந்து வாழ்ந்தமையை நிறுவ வேண்டும் என்றது. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானவருக்கு ஏழாண்டும், மணமாகாதவருக்குப் பத்தாண்டும் குடியிருப்பு வேண்டப்பட்டது. லயங்களிற் பெட்டிகள் திறக்கப்பட்டன; முதியோரிடம் வந்த ஆண்டு கேட்கப்பட்டது. எம் முன்னோர் இந்நாட்டிற்குட் புகுந்தது தத்தம் பெயரிலான தாளோடு அன்று. கங்காணியின் கணக்கில் ஒரு தலையாக. அவர்களைக் குறித்து எழுதப்பட்டுத் தோட்டந்தோட்டமாகக் கைமாறிய தாள் துண்டு. அதில் எழுதப்பட்டிருந்தது தொகை. அதுவும் கடன் தீர்ந்தபோதோ கைமாறியபோதோ துரையின் அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.